மதம் இல்லாம ஒரு சமூகம் இருக்க முடியாதா? திருவிழாவுக்குக் கொட்டுற காசுல ஆஸ்பத்திரி கட்டலாமே?

கேள்வி கேட்டவரு ஊர்ல இருந்து திருவிழா வரிப்பணம் கேட்டு போன் வந்த கடுப்புல எழுதியிருக்காருன்னு நெனைக்கிறேன். பெங்களூர்லயோ சென்னையிலயோ வேலையில இருப்பீங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவதான் ஊருக்கே போவீங்க, ஆனா தலைக்கட்டு வரின்னா மட்டும் உங்க பேரு கரெக்டா நோட்டுல இருக்கும். அந்தக் கோவம் நியாயம்தான். ஆனா "விடிய விடிய கூத்துக் கட்றதுக்கு பதிலா ஆஸ்பத்திரி கட்டலாமே"ன்னு கேட்டிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சிட்டு சும்மா தாண்டிப் போக முடியல. எங்க நைனா, அதாவது அப்பா, கூத்தாடி. அந்த வார்த்தைய சில பேரு திட்றதுக்கு யூஸ் பண்றாங்க, நான் பெருமையாத்தான் சொல்றேன்.

எங்க ஊரு ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் நடுவுல. இந்தப் பக்கம் வெயில் காலம் வந்தா திரௌபதி அம்மன் கோயில்ங்கள்ல பாரதம் வெப்பாங்க, அதாவது மகாபாரதக் கதைய வெச்சி நடக்கிற திருவிழா, நோட்டீஸ்ல அக்னி வசந்த விழான்னு போட்டிருக்கும். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, நடுவுல ஒரு நாள் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், கடைசி நாள் காலையில துரியோதனன் படுகளம், சாயந்தரம் தீமிதி. கல்யாண முருங்கை மரத்துல செஞ்ச கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டிகினு ராத்திரி பத்து மணிக்கு ஆட ஆரம்பிச்சா விடியக்காலம் வரைக்கும் எறங்க மாட்டாங்க. நைனா பொம்பள வேஷம்தான் அதிகம் கட்டுவாரு. நான் ராணிப்பேட்டையில ஒரு ஷூ கம்பெனியில சூப்பர்வைசர், படிச்சது முழுக்க அந்தக் கூத்துக் காசுலதான்.

எங்க அத்தையோட, அதாவது நைனா கூடப் பொறந்த தங்கச்சியோட பெரிய பையன் பெங்களூர் ஹைவேல பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டான். காரியம் முடியற வரைக்கும் அத்தை அழவே இல்ல. அப்பால அழ ஆரம்பிச்சப்போ, சொந்தக்காரங்க "போதும்மா, சின்னவன் பயந்துக்கப் போறான், விளக்கு வெக்கிற நேரத்துல அழாத"ன்னு வாய அடைச்சிட்டாங்க. அதுக்கப்புறம் அது யார்கிட்டயும் பேசறதே இல்ல, சோறு ஆக்கும், மாட்டுக்குத் தண்ணி காட்டும், படுத்துக்கும், அவ்ளோதான். மாசக்கணக்கா இப்படியே போச்சு.

அந்த வருஷம் பாரதத்துல கடைசி நாள். படுகளம் பாக்காதவங்களுக்கு சொல்றேன், கோயில் எதிர் மைதானத்துல மண்ணக் குழைச்சி துரியோதனன மல்லாந்து படுத்த மாதிரி பெருசா செஞ்சி வெப்பாங்க, முட்டக் கண்ணு, முறுக்கு மீச, கலர் எல்லாம் அடிச்சிருக்கும், தொடையில செவப்புத் தண்ணிய ஒளிச்சி வெச்சிருப்பாங்க. பீமன் வேஷக்காரர் சுத்திச் சுத்தி வந்து கதையால தொடையில அடிச்சா அந்தத் தண்ணி பீச்சும், அதத் தொட்டு அம்மனுக்குக் கூந்தல் முடிப்பாங்க. இதெல்லாம் எல்லாரும் போன்ல வீடியோ எடுக்கறது. நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம். செத்துக் கெடக்கிற மகனப் பாக்க காந்தாரி வருவா. ஒப்பாரி வெப்பா. அன்னைக்கு எங்க நைனாதான் காந்தாரி.

ராத்திரி முழுக்க ஆடின அலுப்பு, அரிதாரம் வேர்வையில எறங்கி கழுத்து வரைக்கும் வந்துடுச்சி, புடவை முந்தானையத் தலையில போட்டுகினு மண்ணு உருவத்தோட தலமாட்டுல உக்காந்து பாட ஆரம்பிச்சாரு. ஏற்கனவே கட்டுன பாட்டு, வருஷா வருஷம் பாடறதுதான், ஆனா அன்னைக்கு பாதியில கொரல் ஒடஞ்சி போச்சு. பின்பாட்டுக்காரரு எடுத்துப் பாடிகினே இருந்தாரு. அப்போ கூட்டத்த வெலக்கிகினு எங்க அத்தை வந்துச்சி. வந்து அந்த மண்ணு மாருல கைய வெச்சிகினு உக்காந்து வாய்விட்டு அழுதுச்சி பாருங்க, செத்துப்போன பையன் பேரச் சொல்லி, ஏன்டா வேகமாப் போனன்னு கேட்டு. யாரும் தடுக்கல. இன்னும் நாலஞ்சி பொம்பளைங்க வந்து உக்காந்தாங்க, புருஷன எழந்தவங்க, பேத்திய எழந்தவங்க, எல்லாருக்கும் ஒரே துரியோதனன்தான். எழுந்து போகச் சொல்ல நாட்டாண்மையால கூட முடியாது, ஏன்னா அது சாமி காரியம். கடைசில அத்தை அந்த மண்ணுல ஒரு பிடி எடுத்து முந்தானையில முடிஞ்சிகினு வீட்டுக்குப் போச்சி, நெல்லுல போட்டு வெக்கறதுக்கு, எங்க பக்கம் எல்லாரும் எடுப்பாங்க. அன்னையில இருந்துதான் அது மறுபடி பேச ஆரம்பிச்சது.

உடனே "டாக்டர்கிட்ட போகாம கூத்துக்குப் போகச் சொல்றியா"ன்னு யாராவது வருவீங்க. அப்படி சொல்லவே இல்ல. அத்தைய வேலூர் ஆஸ்பத்திரிக்கும் கூட்டினு போனோம், மாத்திரையும் சாப்ட்டுச்சி. ஆனா ஊரே சேர்ந்து உக்காந்து ஒருத்தர் துக்கத்துக்கு எடம் விடறது இருக்கே, அத நம்ம ஊர்ல கோயிலும் மசூதியும் சர்ச்சும் தவிர வேற எவன் செய்றான்னு சொல்லுங்க, நானும் கத்துக்கறேன்.

ஆஸ்பத்திரின்னு சொன்னீங்கல்ல, அதுக்கும் வரேன். இன்னைக்கு வடநாட்ல இருந்து ரயில் ஏறி வர்றாங்களே வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு, அது எப்படி வந்துச்சி? ஐடா ஸ்கடர் அம்மா 1870ல எங்க ராணிப்பேட்டையில பொறந்தவங்க, அமெரிக்க மிஷனரி குடும்பம். திண்டிவனத்துல ஒரே ராத்திரியில பிரசவத்துக்குத் தவிச்ச மூணு பொண்ணுங்களுக்காக ஆள் வந்து கூப்ட்டாங்க. வீட்ல டாக்டர் அவங்க அப்பா இருந்தாரு, ஆனா ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னு புருஷன்ங்க மறுத்துட்டாங்க. அதுல பிராமணர், முஸ்லிம் எல்லாரும் உண்டு. மூணு பொண்ணும் செத்துப் போச்சு. அதப் பாத்துட்டுதான் அந்தம்மா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படிச்சிட்டு வந்து 1900ல ஒரே ஒரு படுக்கையோட வேலூர்ல ஆரம்பிச்சாங்க, 1918ல பொம்பளைங்களுக்குன்னு மருத்துவப் பள்ளி. மதத்தோட கட்டுப்பாடு மூணு பேரக் கொன்னுச்சி, மதத்து மேல இருந்த பக்திதான் ஆஸ்பத்திரியும் கட்டுச்சி. ரெண்டையும் சேத்துப் பேசுங்க. வாணியம்பாடி இஸ்லாமியா காலேஜ் 1919ல வந்தது, அதுவும் தோல் யாவாரம் பண்ண பாய்ங்க தங்க சமுதாயத்துக்காகக் காசு போட்டுக் கட்டுனதுதான், இன்னைக்கு எல்லா சாதிப் புள்ளைங்களும் படிக்குது.

மேலருந்து ஆர்டர் போட்டு இதெல்லாம் வேணாம்னு நிறுத்தவும் முடியாது. நெத்தியில குறி வெக்காத, தாடி எடு, தோல் பட்டை வெச்ச தலப்பா போடுன்னு வெள்ளைக்காரன் சொன்னதுக்குத்தான் 1806ல வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க ரெண்டு மதமும் சேர்ந்து எழுந்தாங்க. அதே கோட்டையில ஜலகண்டேஸ்வரர் கோயில் நூத்துக்கணக்கான வருஷம் மூலவர் இல்லாம வெறும் கல்மண்டபமா கெடந்துச்சி, 1981 மார்ச்சுல சத்துவாச்சாரியில இருந்து லிங்கத்தக் கொண்டாந்து வெச்சப்போதான் மறுபடி விளக்கு எரிஞ்சது.

இதுக்காக எல்லாத்தையும் தலையாட்டி ஒத்துக்கற ஆளும் நான் இல்ல. விழுப்புரம் பக்கம் மேல்பாதியில இதே திரௌபதி அம்மன் கோயில்தான், தலித் மக்கள உள்ள விடமாட்டோம்னு சண்டை போட்டு 2023 ஜூன்ல அதிகாரிங்க சீல் வெக்கிற நெலமைக்கு வந்துச்சி. அம்மன் முன்னாடி அத்தை அழலாம், பக்கத்துத் தெரு பொம்பள அழக்கூடாதுன்னா அது பக்தியே இல்ல, வெறும் சாதித் திமிரு. எங்க ஊர்லயும் தேரு காலனிக்குள்ள போறதில்ல, மொனையோட திரும்பிடும். காலனி ஆளுங்கதான் பறை அடிக்கறாங்க, தீமிதிக்குக் கட்டை பொளந்து தர்றாங்க. எனக்கு ரத்தம் கொதிக்குது, நைனாவும் கமிட்டியில கேட்டுப் பாத்துட்டாரு, ஒருத்தரும் வாயத் தொறக்கல.

நைனான்னு சொன்னதும் இன்னொண்ணு. அவருக்கு இப்போ முட்டி தேஞ்சி போச்சு, ஆட முடியல. நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம். பழைய சர்டிபிகேட்ல வட ஆற்காடு மாவட்டம், 1989ல பிரிச்சி அம்பேத்கர் மாவட்டம்னாங்க, அப்பால வேலூர்னாங்க, 2019ல ராணிப்பேட்டைன்னாங்க, ஒவ்வொரு கார்டுலயும் ஒவ்வொரு மாவட்டம். மனுஷன் அதே வீட்லதான் இருக்காரு! ஒரு ஆபீஸ்ல முகவரி ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மாவட்டத்தப் பிரிச்சவங்க பேப்பர மாத்திக் குடுத்திருக்க வேணாமா? கேள்விக்கு சம்பந்தமில்லன்னு தெரியும், ஆனா கலைய வளர்க்கறோம்னு மேடையில பேசறவங்க யாராவது இதப் படிக்கட்டும்.

உங்க வரிக்கு வரேன். கண்ண மூடிகினு குடுக்காதீங்க, மொத்தமா மறுக்கவும் வேணாம். கூத்து எத்தன ராத்திரி வெக்கிறீங்க, இல்ல அந்தக் காச லைட் மியூசிக்குக்குத் திருப்பிட்டீங்களான்னு கேளுங்க. தேரு காலனிக்குள்ள போகுமான்னு கேளுங்க. இந்த வருஷம் கமிட்டி ஆளு வந்தப்போ நான் அந்த ரெண்டாவது கேள்வியத்தான் கேட்டேன், "பேசிட்டு சொல்றேம்மா"ன்னு போயிருக்காரு. பதில் வந்தப்பறம்தான் எங்க வீட்டு வரி.