அவ ஏன் கத்தல?

வணக்கம் அக்கா, 'நேர்கொண்ட பார்வை' வந்தப்போ எங்க அண்ணன் ரெண்டு தடவ தியேட்டர்ல பாத்தான், "நோ மீன்ஸ் நோ"ன்னு ஸ்டேட்டஸ்லாம் வெச்சான். போன வாரம் எங்க தெருப் பொண்ணு ஒருத்தி போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கா, அதே அண்ணன் "அவ ஏன் கத்தல?"ன்னு கேக்குறான். கோர்ட் படத்தால எதாவது மாறுதா, இல்ல விசிலடிச்சதோட சரியா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புத் தங்கச்சிக்கு,

மாறுது, ஆனா பாதிதான். 2016ல இந்தில 'பிங்க்'கா வந்து 2019ல தமிழுக்கு வந்த கதை அது, அமிதாப் சொன்னத இங்க அஜித் சொன்னதும் தியேட்டரே கைதட்டுச்சு, அப்பாவும் பொண்ணும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து இந்தப் பேச்ச கேட்டாங்களே, அத நான் சின்ன விஷயம்னு சொல்லவே மாட்டேன். ஆனா வாய்விட்டு சொன்னாதான் நோன்னு உன் அண்ணன் மாதிரி பலபேர் எடுத்துக்கிட்டாங்க, பயத்துல வெறச்சுப் போய் நின்னவ கணக்குலயே வரல.

அவன் கேட்டது பழைய கேள்வி. 1972ல மகாராஷ்டிராவுல ஒரு ஆதிவாசிப் பொண்ணுக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே கொடுமை நடந்துச்சு, மதுரா வழக்குன்னு சொல்வாங்க. உடம்புல காயமில்ல, எதிர்த்தேன்னு அவ சொல்றது பொய்னு 1978ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு போலீஸ்காரங்களையும் விட்டுருச்சு. அடுத்த வருஷமே நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு பகிரங்கமா கடிதம் எழுத, பெண்கள் தெருவுக்கு வர, 1983ல சட்டத்த திருத்துனாங்க. 2013ல இன்னும் தெளிவா, சம்மதத்த அவ தானா சொல்லணும் இல்ல காட்டணும், எதிர்க்கலங்கறத மட்டும் வெச்சு சம்மதிச்சான்னு எடுத்துக்கக் கூடாதுன்னு எழுதிட்டாங்க. இத உன் அண்ணனுக்கு அப்படியே படிச்சுக் காட்டு.

படத்துல வக்கீல் எல்லார் முன்னாடியும் "நீ வெர்ஜினா"ன்னு கேப்பாரே, நல்ல எண்ணத்துல வெச்ச சீன்தான், ஆனா எனக்கு இப்பவும் நெஞ்ச அடைக்குது. நெஜத்துல பாலியல் வன்கொடுமை விசாரணைய கதவ சாத்திட்டுதான் நடத்தணும், சம்மதம் இருந்துச்சான்னு பாக்க அவளோட பழைய வாழ்க்கைய இழுக்கக் கூடாதுன்னும் 2013ல இருந்து சட்டம் இருக்கு. சினிமா கோர்ட்ட பாத்து பயந்து கேஸே குடுக்காம விட்டவங்கள நெனச்சாதான் வேதனையா இருக்கு.

ஒரு இடத்துல படம்தான் சட்டத்துக்கு முன்னாடி நிக்குது. பொண்டாட்டி சொன்னாலும் நோ நோதான்னு கடைசி வாதத்துல வருது, ஆனா 2024ல வந்த புது குற்றவியல் சட்டத்துல கூட, பொண்டாட்டிய புருஷன் கட்டாயப்படுத்துனா அது பாலியல் வன்கொடுமை ஆகாதுன்னு விலக்கு இருக்கு. இதுக்கு யாரும் விசிலடிக்கல.

அந்தப் பொண்ண நீ போய் பாத்தியாம்மா? தனியா அலைய விடாத. மாவட்ட கோர்ட்ல இலவச சட்ட உதவி இருக்கு, பெண்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்க மாட்டாங்க, வக்கீல் வெச்சுத் தருவாங்க. நீ கூடப் போ.