மாலியில் லைன் வேலை: போகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது, எலக்ட்ரீஷியன். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாட்டில் மின்கம்பம் நட்டு கம்பி இழுக்கும் வேலை இருப்பதாக ஏஜென்ட் சொல்கிறார். ‘ஜனநாயக நாடு, பயமே இல்லை’ என்கிறார். நம்பலாமா?

பதில்: இந்த வேலைக்குப் போகாதீர்கள், தம்பி.

ஏஜென்ட் சொல்வது பழைய மாலி. 1991-ல் மக்கள் கொந்தளித்தபோது மூசா திராவோரேயின் சர்வாதிகாரம் விழுந்தது. ஆட்சியைப் பிடித்த ராணுவ அதிகாரியே மறுவருஷம் தேர்தல் நடத்திவிட்டு ஒதுங்கினார். வென்ற அல்ஃபா ஊமர் கொனாரே இரண்டு முறை அதிபராக இருந்து, 2002-ல் அமைதியாக இறங்கினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஓர் ஏழை நாட்டில் இப்படி நடந்ததை உலகமே பாராட்டியது. நியாயமான பாராட்டுதான்.

ஆனால் வடக்கே பாலைவனத்தில் வாழும் துவாரெக் என்ற இனமக்களின் மனக்குறை ஆறவில்லை. லஞ்சம் ராணுவத்தை உள்ளுக்குள் அரித்தது. 2011-ல் லிபியாவில் கடாபி விழுந்ததும், அவரிடம் இருந்த துவாரெக் வீரர்கள் ஆயுதங்களோடு ஊர் திரும்பிக் கிளர்ச்சியில் இறங்கினார்கள். அவர்களிடம் தோற்ற மாலி சிப்பாய்கள் ஆத்திரத்தில் 2012 மார்ச்சில் தங்கள் அரசையே கவிழ்த்தார்கள். தேர்தலுக்கு ஐந்தே வாரம் இருந்தது! அந்தக் குழப்பத்தில் திம்பக்டு, காவ் போன்ற வடக்கு நகரங்கள் அரசின் கைவிட்டுப் போயின. பிரெஞ்சுப் படை 2013-ல் வந்து மீட்டது. அப்புறம் 2020-லும் 2021-லும் மறுபடி ராணுவப் புரட்சி. பிரெஞ்சுப் படை 2022-ல் வெளியேறியது, மறுவருஷம் ஐ.நா. அமைதிப்படையும் போனது. 2025 மே மாதம் அரசியல் கட்சிகளே கலைக்கப்பட்டன.

உங்களுக்கு முக்கியம் சாலை. மாலிக்குக் கடல் இல்லை. பெட்ரோல் செனகலிலிருந்தும் ஐவரி கோஸ்ட்டிலிருந்தும் லாரியில்தான் வர வேண்டும். 2025 செப்டம்பர் முதல் அல்-கைதா சார்பு ஜிகாதிகள் அந்த லாரிகளைக் கொளுத்தினார்கள். தலைநகர் பமாக்கோவில் பங்க் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. பள்ளிகளை அரசு இரண்டு வாரம் மூடியது.

வெளிநாட்டு நிறுவனங்களின் வேலையிடங்களும் இலக்காகிவிட்டன. அந்த ஜூலையில் காயெஸ் சிமெண்ட் ஆலையில் மூன்று இந்தியர்கள் கடத்தப்பட்டார்கள். நவம்பரில் கோப்ரி அருகே ஐந்து பேர். அவர்கள் நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள், செய்ததும் இதே மின்சார வேலை. கம்பம் நடுவது ஊருக்கு வெளியே, ஆளில்லாத சாலையோரத்தில். அங்கே உங்களைக் காக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

பாஸ்போர்ட்டை ஏஜென்ட்டிடம் கொடுத்திருந்தால் இன்றே திரும்ப வாங்குங்கள். அவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் (வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இணையதளம்) தளத்தில் பாருங்கள். உறவினர் யாராவது ஏற்கெனவே அங்கே இருந்தால், பமாக்கோவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நகரத்தை விட்டுச் சாலை வழியாக எங்கும் போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.