வாசகர் கேள்வி-பதில்: உள்ளூர் எழுத்தாளரை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏழெட்டுப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார் என்பது இப்போதுதான் தெரியவந்தது. எல்லாவற்றையும் வாசிக்க ஆசை. எதில் தொடங்கலாம்? எல்லோரும் பாராட்டும் நாவலிலா, முதல் புத்தகத்திலா?

பதில்: சிறுகதைத் தொகுப்பு இருந்தால் அதில் தொடங்குங்கள், அதுவே அவருடைய முதல் தொகுப்பாகவும் இருந்தால் ரொம்ப நல்லது. பேர் வாங்கிய நாவலை முதலில் வாசித்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்போம், 'இது அந்த அளவுக்கு இல்லையே' என்ற நினைப்பு எதையும் நிதானமாக வாசிக்க விடாது. வெளிவந்த வரிசையில் போனால் கதையே வேறு. முதல் தொகுப்பில் இரண்டு பக்கத்துக்கு வந்துபோன ஒரு பெண், பத்து வருஷம் கழித்து வந்த நாவலில் பெயர் மாறி, வயது கூடி, முழு ஆளாக வந்து நிற்பாள். அவளை அடையாளம் கண்டுகொள்கிற சந்தோஷம் வரிசையாக வாசிக்கிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

வரிசையைக் கண்டுபிடிக்க அட்டையை நம்பாதீர்கள். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் சின்ன எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும், அங்கே முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். கையில் இருப்பது வேறொரு பதிப்பகம் புது அட்டை போட்டுக் கொண்டுவந்த பழைய புத்தகமாக இருக்கலாம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் கொஞ்சம் உதவும்: 2007 ஜனவரியில்தான் அது 10 இலக்கத்திலிருந்து 13 இலக்கமானது, அதனால் 10 இலக்கம் மட்டும் இருக்கிற பிரதி அநேகமாக அதற்கு முன் அச்சானது. 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருந்தால் பழைய பதிப்பையும் தேடிப் பாருங்கள், எதை வெட்டினார் என்பது தெரியும்.

அப்புறம் நன்றிப் பக்கம். பலரும் புரட்டிவிட்டுப் போகிற பக்கம் அது. கதைகள் முதலில் எந்தெந்தச் சிற்றிதழ்களில் வந்தன, கையெழுத்துப் பிரதியை யார் படித்துக் கருத்துச் சொன்னார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருக்கும். அந்தப் பெயர்களில் சிலராவது தாங்களும் எழுதுகிறவர்களாக இருப்பார்கள், உங்கள் பகுதியின் அடுத்த எழுத்தாளர் உங்களுக்கு அங்கேயே கிடைத்துவிடுவார். அந்த இதழ்களின் பழைய பிரதிகள் நூலகத்தில் இருந்தால் ஒரே கதையின் இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இதழில் ஒரு பத்தி நீண்ட முடிவு தொகுப்பில் ஒரே வரியாகச் சுருங்கியிருக்கும். எழுதியவர் தன் கதையைப் பிற்பாடு எப்படிப் பார்த்தார் என்பதை எந்தப் பேட்டியும் இவ்வளவு நேரடியாகச் சொல்லாது.

கேள்வி: இலக்கியக் கூட்டங்களுக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் நிறைய வாசித்தவர்களாகத் தெரிகிறார்கள். நான் என்ன கேட்க முடியும்?

பதில்: தயங்காமல் போங்கள். எதுவுமே கேட்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாலும் தப்பில்லை, சின்னக் கூட்டங்களில் கவனமாகக் கேட்கிற ஒரு முகம் கூடுதலாக இருப்பதே பேசுகிறவருக்குப் பெரிய விஷயம்.

கேட்பதாக இருந்தால் புத்தகத்தில் ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டு போய் அதைப் பற்றிக் கேளுங்கள். 'எழுத எப்போது தொடங்கினீர்கள்?' என்பதற்கு அவர் ஏற்கனவே எத்தனையோ இடங்களில் பதில் சொல்லியிருப்பார், அதே பதில்தான் வரும். 'அப்பா வீட்டை விற்றுவிட்டு வந்து நிற்கிறார், ஆனால் விற்கிற காட்சி நாவலில் இல்லை. எழுதிவிட்டு எடுத்துவிட்டீர்களா, எழுதவே இல்லையா?' என்று கேளுங்கள், அவர் நிமிர்ந்து உட்காருவார். வந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து தன் கருத்தையே பத்து நிமிடம் பேசுகிறவர்கள் மற்றவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு வாக்கியத்துக்குள் முடித்துவிடுங்கள்.

எழுத்தாளரே வாசிக்கிற நிகழ்ச்சி என்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள். எங்கே நிறுத்துகிறார், எந்த வரியைத் தாண்டுகிறார், அச்சில் இருக்கிற சொல்லை வாயில் மாற்றிவிடுகிறாரா என்று பாருங்கள். வட்டார வழக்கில் எழுதுகிறவர் என்றால் இது இன்னும் முக்கியம். நாம் கோபமாக வாசித்த ஒரு வசனம் அவர் குரலில் கொஞ்சலாக வரும், அந்தப் பாத்திரத்தையே திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும்.

வெளியீட்டு விழா, விமர்சனக் கூட்டம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் விமர்சனக் கூட்டத்துக்குப் போங்கள். வெளியீட்டு அன்று மேடையில் இருப்பவர்களைத் தவிரப் பெரும்பாலும் யாரும் புத்தகத்தை வாசித்திருக்க மாட்டார்கள். சில மாதம் கழித்து நடக்கிற கூட்டத்தில்தான் வாசித்தவர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வார்கள்.

கேள்வி: எல்லாப் புத்தகங்களையும் வாங்க வசதியில்லை. நண்பர்கள் குழுவில் பிடிஎஃப் வருகிறது. வாசிப்புதானே, அதில் என்ன தவறு?

பதில்: அந்த பிடிஎஃப் வேண்டாம். சிறிய பதிப்பகங்கள் ஒரு முறைக்குச் சில நூறு பிரதிகள்தான் அச்சிடுகின்றன, அவை தேங்கினால் அதே எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தைப் போடப் பதிப்பாளர் யோசிப்பார். நூலகத்தில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். நூலகத்தில் இரவல் வாங்குவது எழுத்தாளருக்கு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். நூலகங்களில் இருக்கும் புத்தகங்களுக்காக எழுத்தாளர்களுக்குப் பணம் தருகிற ஏற்பாடு டென்மார்க்கில் 1946-லேயே வந்துவிட்டது, பிரிட்டனில் 1979-ல் அதற்கென்று சட்டமே போட்டார்கள். அப்படி ஏற்பாடு இல்லாத இடத்திலும் நூலகம் வாங்குகிற பிரதி விற்ற பிரதிதான், அதைப் பல பேர் படிப்பார்கள்.

கேள்வி: அவருடைய புதிய நாவல் எனக்கு ஏமாற்றம். எங்கள் ஊரைத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் பல விஷயங்கள் உண்மையில் அப்படி இல்லை. நேரில் பார்க்கும்போது சொல்லலாமா?

பதில்: சொல்வதற்கு முன்னால், உங்களுக்குப் பிடிக்காமல் போனது நாவலா, அதில் வருகிற ஊரா என்று பிரித்துப் பாருங்கள். உள்ளூர் எழுத்தாளரை வாசிப்பதில் இருக்கிற பெரிய சிக்கலே இதுதான். தெரிந்த தெரு, தெரிந்த குடும்பம் என்பதால் ஒவ்வொரு வரியையும் சாட்சி சொல்கிறவர் மாதிரி வாசிக்கத் தொடங்கிவிடுகிறோம், இந்த வீட்டுக்கு மாடி கிடையாதே, அந்த அண்ணன் அப்படிப் பேசுகிறவர் இல்லையே என்று. வெளியூர் வாசகருக்கு அது வெறும் மாடி. அந்த மாடியில் வைத்து ஒரு சண்டையோ ஒரு சமாதானமோ நடக்க வேண்டியிருந்ததால் அவர் கட்டிக்கொண்டார், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. ஊரை மறந்துவிட்டு இன்னொரு முறை வாசியுங்கள். அப்போதும் ஒட்டவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் கையெழுத்து வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டு வேண்டாம், பின்னால் ஆள் நிற்கும்போது அவரால் என்ன பதில் சொல்ல முடியும்? எந்த இடத்தில் நாவலை விட்டு விலகினீர்கள் என்று பக்க எண்ணோடு கடிதமாக எழுதுங்கள். பொதுவாகப் பாராட்டுகிறவர்களைவிட அப்படி எழுதுகிறவரைத்தான் எழுத்தாளர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அடுத்த புத்தகம் வந்தால் அதையும் வாசியுங்கள்.

கேள்வி: கூட்டங்கள் நடப்பதே முடிந்த பிறகுதான் தெரிகிறது. என்ன செய்வது?

பதில்: நூலகரிடம் சொல்லி வையுங்கள், பதிப்பகத்தின் அறிவிப்புகளையும் கவனியுங்கள். ஒரே ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டால் போதும், அமைப்பாளரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த அழைப்பு உங்களுக்கும் வரும்.