முகத்தில் பூசும் மண்ணில் ஈயம் உண்டா? – கேள்வி பதில்

அழகுப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர வேதியியலாளர் ஒருவர், களிமண் பூச்சுகளைப் பற்றி நம்மவர் கேட்டவற்றுக்குப் பதில் அளிக்கிறார்.

வாரம் இருமுறை முல்தானி மட்டி பூசுகிறேன். அதில் ஈயம் இருப்பதாக மகள் பயமுறுத்துகிறாள். உண்மைதானா? (சாட்ஸ்வொர்த் வாசகி)

உங்கள் மகள் சொல்வதில் உண்மை உண்டு, அம்மா. பாறை சிதைந்து உருவாவதே களிமண். ஆகவே அந்தப் பாறையிலிருந்த ஈயமும் ஆர்சனிக்கும் சிறிதளவேனும் அதில் தங்கியிருக்கும். அளவு, மண் எடுத்த இடத்தைப் பொறுத்தது. கனடா, அழகுப் பொருள்களில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஈயத்தை எல்லையாக வைத்திருக்கிறது. 2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், சில பென்டோனைட் களிமண் பொடிகளில் ஈயம் மிகுந்திருப்பதாக எச்சரித்தது. எனினும் மண்ணிலுள்ள ஈயம் காயமற்ற தோலின் வழியே மிகக் குறைவாகவே உட்செல்லும். வாயும் மூக்குமே அதற்கு வாசல்கள். எனவே உதட்டை விட்டுப் பூசி, காய்ந்து உதிர்வதற்கு முன்பே கழுவிவிடுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். சந்தையில் விற்கும் களிமண் கட்டியைத் தின்ன ஆசையாக இருக்கிறது. (பீனிக்ஸ்)

தின்னாதீர்கள். ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையைச் சென்றடையும். இந்த ஆசை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே காணப்படுவதால், மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கைக்குழந்தையின் வேர்க்குருவுக்கு என் மாமியார் நாமக்கட்டியை உரைத்துப் பூசச் சொல்கிறார். (டோங்காட்)

நாமக்கட்டியும் வெண்களிமண்தான். தமிழ்நாட்டின் ஜடேரி நாமக்கட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தக் குறியீடு பிறந்த ஊருக்குச் சான்றே தவிர, ஈயம் இல்லை என்பதற்குச் சான்றன்று. குழந்தை கையை ஓயாமல் வாயில் வைக்கும். விழுங்கிய ஈயத்தில் ஏறக்குறைய பாதியைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்ளும், பெரியவர்களின் உடலோ பத்தில் ஒரு பங்கு அளவே. வேர்க்குருவுக்குக் குளிர்ந்த நீரும் பருத்தித் துணியும் போதும். ஆறாத தொப்புளில் எந்த மண்ணையும் வைக்க வேண்டாம். மண்ணில் இரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் இருக்கலாம். மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஜூலுப் பெண்கள் பூசும் இபோம்வு என்னும் சிவப்புக் களிமண் வெயிலைத் தடுக்குமா?

அதன் இரும்பு ஆக்சைடு சிறிது தடுக்கும். டர்பன் வெயிலுக்கு அது போதாது, தொப்பியும் அணியுங்கள்.

வீட்டிலேயே களிமண் முகப்பூச்சு தயாரித்து விற்கிறேன். எதில் கவனம் தேவை? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

முதலில் உங்கள் நுரையீரலில். களிமண்ணோடு பெரும்பாலும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் நுண்ணிய தூள் கலந்திருக்கும். மூச்சில் செல்லும் அத்தகைய தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. சலிக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். ‘இயற்கை’ என்று உறையில் அச்சிடுவதற்குச் செலவில்லை, சோதனைக்குத்தான் செலவு; ஆயினும் ஒவ்வொரு மூட்டைக்கும் கன உலோக, கிருமிப் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுங்கள். தண்ணீர் கலந்து புட்டியில் அடைத்தால் கிருமி பெருகும். பொடியாகவே விற்று, வேண்டும்போது குழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.