கணக்கை விட்டு வந்தவர்கள் புள்ளியியலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் மும்பையில் எம்.ஏ. சமூகவியல் முதலாண்டு மாணவி. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிட்டாராம். இந்த செமஸ்டரில் புள்ளியியல் தாள் கட்டாயம். "சூத்திரங்களை மனப்பாடம் செய்தால் போதுமா, இல்லை கணக்கை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், சதவீதம், வர்க்கம், வர்க்கமூலம். உங்கள் பாடத்துக்கு வேண்டிய கணக்கு அவ்வளவுதான், அதையும் கால்குலேட்டர் போட்டுக்கொடுத்துவிடும். இந்தப் பாடம் கஷ்டமாவது வேறு இடத்தில். யாரைப் பற்றிப் பேசுகிறோம், எதை எண்ணினோம், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று ஒரு வாக்கியத்தைக் குழப்பமில்லாமல் சொல்ல வேண்டும். அது வந்துவிட்டால் சூத்திரம் பின்னாலேயே வரும்.

நானும் உங்களைப் போல வந்தவள்தான். தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் வளர்ந்தேன். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.ஏ.வுக்கு சமூகவியல் எடுத்தேன். புள்ளியியலில் முதல் உள்தேர்வில் இருபதுக்கு ஐந்து மதிப்பெண். கரும்பலகையில் எழுதியதை எல்லாம் எழுதிக்கொண்டேன், ஒன்றும் புரியவில்லை. இன்று கள ஆய்வுத் தரவுதான் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூரில் நாலைந்து மாணவர்களுக்கு இதே தாளைச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களோடு எப்படித் தொடங்குகிறேனோ அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் கல்லியில், அதாவது சந்தில், ஏழு வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்டது: "காலையில் தண்ணீர் பிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?" முதலில் எங்கள் ஆச்சியிடம்தான் கேட்டேன். "யாரு ஏட்டி மணி பாத்துட்டு நின்னா? ரெண்டு டிரம்மு ரொம்புற நேரம்" என்றாள். இதை எப்படி நிமிடமாக எழுதுவது? வரிசையில் நின்ற நேரம் சேர்த்தியா, பைப்பைத் திறந்த பிறகு மட்டுமா? தண்ணீர் பிடித்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தால் அந்த நேரத்தை எதில் சேர்ப்பது? அளவிடுதல் என்று ஒரு முழு அத்தியாயம் வரும், பெரும்பாலும் அதைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அத்தியாயம் முழுவதும் ஆச்சியின் அந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது. நான் வரிசையில் நிற்பதிலிருந்து கடைசிக் குடம் வீட்டுக்குள் வருவது வரை என்று வைத்துக்கொண்டு, அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

ஏழு வீட்டில் கிடைத்தது: 15, 20, 20, 25, 30, 40, 130. கூட்டினால் 280, ஏழால் வகுத்தால் சராசரி 40 நிமிடம். ஆனால் ஏழில் ஐந்து வீட்டுக்கு 30 நிமிடமோ அதற்குக் குறைவோதான் ஆகிறது. அந்த 130 ஒரு அக்காவின் வீடு. அவர்கள் பைப் கெட்டுப்போய், அடுத்த கல்லிக்குப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை எடுத்துவிட்டால் மிச்ச ஆறு வீட்டின் சராசரி 25 ஆகிவிடும். ஒரு வீடு பதினைந்து நிமிடம் இழுத்துவிட்டது. வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் அது 25. அதுதான் மீடியன், தமிழ்ப் பாடநூலில் இடைநிலை அளவு. வருமானம், வாடகை, கடன் போல ஒரு பக்கம் நீளமாக இழுபடும் எதையும் சொல்லும்போது ஏன் இடைநிலையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதே சமயம் அந்த 130ஐத் தூக்கி எறியவும் கூடாது. சமூகவியல் மாணவிக்கு அந்த வீடுதான் முக்கியமான வீடு.

அப்புறம் ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது திட்ட விலக்கம். ஒவ்வொரு வீடும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள்: −25, −20, −20, −15, −10, 0, +90. கூட்டினால் பூஜ்யம். எந்தத் தரவை எடுத்தாலும் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் சராசரி என்பதே இருபக்கமும் சமமாக நிற்கும் இடம். அதனால்தான் வர்க்கம் போட்டு மைனஸைப் போக்குகிறோம். கூட்டினால் 9850. ஆறால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 40.5 நிமிடம். சராசரியே 40, விலக்கம் அதைவிடப் பெரிது. இந்தக் கல்லியில் "சராசரி வீடு" என்று ஒன்றைத் தேடிப் பயனில்லை என்பதை அந்த ஒரு எண் சொல்லிவிடுகிறது. இதை ஒரு முறையாவது கையால் போடுங்கள். ஆறால் ஏன், ஏழால் ஏன் இல்லை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது சதவீதம். எட்டாம் வகுப்புப் பாடம்தானே என்று நினைப்போம். ஆனால் ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்த்த தவறு இங்கேதான். "பட்டதாரிப் பெண்களில் எத்தனை சதவீதம் பேர் வேலைக்குப் போகிறார்கள்?" "வேலைக்குப் போகும் பெண்களில் எத்தனை சதவீதம் பேர் பட்டதாரிகள்?" இரண்டும் வேறு கேள்விகள், விடைகளும் ரொம்பவே வேறாக இருக்கலாம். ஆங்கிலத்தில் படிக்கும்போது இதில் வழுக்கி விழுகிற மாணவர்களைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். நம் மொழியில் "இல்" என்ற உருபு எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ, அந்தக் கூட்டம்தான் வகுக்கும் எண்ணாகக் கீழே போகும். பெண்களில், வீடுகளில், பதில் சொன்னவர்களில். அட்டவணை எதைப் பார்த்தாலும் "எதில்?" என்று முதலில் கேளுங்கள். கை வர்க்கச் சோதனை (chi-square, இரண்டு வகைப்பாடுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்ப்பது) வரைக்கும் இந்தக் கேள்வி உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்தத் தாளின் உயிர் கூறெடுப்பில் இருக்கிறது, அதாவது சாம்பிளிங்கில். அதைச் செய்து பார்த்தால்தான் புரியும். எங்கள் கல்லியில் இருந்த அறுபது வீட்டையும் கேட்டு முடித்த பிறகு, ஒவ்வொரு வீட்டின் நிமிடத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எவர்சில்வர் சம்படத்தில் போட்டேன். அறுபது வீட்டின் உண்மையான சராசரி 35. கண்ணை மூடி ஐந்து சீட்டு எடுத்து, சராசரி போட்டுக் குறித்துக்கொண்டு, திரும்ப உள்ளே போட்டுக் குலுக்கினேன். இப்படி இருபது தடவை. வந்த சராசரிகள் 21க்கும் 52க்கும் இடையே அலைந்தன. பிறகு ஒவ்வொரு தடவையும் இருபது சீட்டு எடுத்தேன். இப்போது எல்லாம் 29க்கும் 41க்கும் நடுவில் அடங்கிவிட்டன. ராத்திரி பத்து மணிக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து அந்த இரண்டு வரிசைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. வீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பது திட்ட விலக்கம். நான் திரும்பத் திரும்ப எடுக்கும் சராசரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடும் என்பது திட்டப் பிழை. வகுப்பில் ஒரு மாதம் குழம்பியது அன்றைக்குத் தெளிந்தது.

திட்டப் பிழை, ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறைகிறது. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். குலுக்கல் முறையில் 100 பேரைக் கேட்டு "ஆம்" எத்தனை சதவீதம் என்று சொன்னால், இருபக்கமும் சுமார் 10 புள்ளி முன்னேபின்னே இருக்கலாம். 400 பேர் என்றால் சுமார் 5. 1600 பேர் என்றால் சுமார் 2.5. பெரும்பாலும் ஊர் எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்கிறோமே, பானை பெரிதா சிறிதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் நன்றாகக் கிளறிய பானையாக இருக்க வேண்டும்.

கிளறாத பானைக்கு உலகம் அறிந்த உதாரணம் 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். முகவரிகள் தொலைபேசி வைத்திருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள் போன்றோரின் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டவை. போதாததற்கு, மெனக்கெட்டுப் பதில் அனுப்பியவர்கள் ஒரு தனி ரகம். எத்தனை லட்சம் சீட்டு வந்தாலும் அந்தக் கோணல் நிமிராது.

என் முதுகலை ஆய்வில் நானே இதைச் செய்தேன். வார நாட்களில் காலை பதினொரு மணிக்கு வீடு வீடாகப் போய், பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகும் பெண்கள் மிகக் குறைவு என்று முடிவு வந்தது. பெருமையாக எழுதிக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மா வீட்டு வேலைக்கு மாஹிம் வரைக்கும் போய்வருபவள். "பதினோரு மணிக்கு நான் எங்க இருப்பேன்?" என்று மட்டும்தான் கேட்டாள். அந்தப் பூட்டிய கதவுகளுக்குள்தான் என் கேள்விக்கான பதில் இருந்தது. மறுபடி சாயங்காலங்களில் போனேன், பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை திரும்பப் போனேன்.

கருதுகோள் சோதனை, அதாவது கிடைத்த முடிவு தற்செயலாகவே வந்திருக்கலாமா என்று பார்ப்பது, வரும்போது எல்லோரும் திணறுவார்கள். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் இதைத் தேநீர்க் கோப்பைகளை வைத்து விளக்கினார்: பாலை முதலில் ஊற்றினார்களா, டீயை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. நாங்கள் அதை ஃபில்டர் காபியில் செய்தோம். காபியில் சிக்கரி கலந்திருந்தால் நாக்கே சொல்லிவிடும் என்பார் எங்கள் மாமா. எட்டு டம்ளர், நான்கில் சிக்கரி, நான்கில் இல்லை. வரிசையைக் குலுக்கிப்போட்டு வைத்தோம். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. ருசியே தெரியாதவர் குத்துமதிப்பாகச் சொன்னால் நான்கும் சரியாக அமைய 70இல் ஒரு வாய்ப்பு, 1.4 சதவீதம். நான்கில் குறைந்தது மூன்று சரியாக அமைய 70இல் 17, கிட்டத்தட்ட 24 சதவீதம்.

மாமா மூன்று சரியாகச் சொன்னார். முகம் வாடிவிட்டது. ஆனால் மாமாவுக்கு ருசி தெரியாது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. சும்மா சொல்கிறவர்களுக்கே நாலு தடவையில் ஒரு தடவை இவ்வளவு அமைந்துவிடும், அதனால் இதை ஆதாரமாக எடுக்க முடியவில்லை. அவ்வளவுதான் சொல்லலாம். பி-மதிப்பு என்பது இதுதான்: ருசி தெரியாது என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு நன்றாகவோ இதைவிட நன்றாகவோ அமைய எவ்வளவு வாய்ப்பு. "பி 0.03 வந்தால் என் கருதுகோள் சரியாக இருக்க 97 சதவீத வாய்ப்பு" என்று எழுதாதீர்கள். பலர் எழுதுகிறார்கள், அது தவறு.

மென்பொருளுக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். கல்லூரியில் எஸ்.பி.எஸ்.எஸ். இருந்தால் அது, இல்லையென்றால் ஜாமோவி (jamovi), ஆர் (R) இரண்டும் இலவசம். மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். மதத்தையோ சாதிப் பிரிவையோ 1, 2, 3 என்று குறியிட்டிருப்பீர்கள். சராசரி கேட்டால் 2.3 என்று கணினி தயங்காமல் கொடுக்கும், அதற்கு அர்த்தமே கிடையாது. இன்னொன்று, பதில் சொல்லாதவருக்கு 99 என்று போடும் பழக்கம். 49 பெண்களின் பிள்ளைகள் சராசரி 2 என்று வையுங்கள், ஐம்பதாவது ஆள் பதில் சொல்லவில்லை. அந்த 99ஐ விடுபட்ட மதிப்பு என்று அறிவிக்க மறந்தால் சராசரி 3.94 ஆகிவிடும்.

இரண்டாம் மாதத்திலிருந்து நிஜமான அறிக்கையைப் படியுங்கள். நீங்கள் மும்பையில் இருப்பதால் சொல்கிறேன், தேசிய குடும்பநல ஆய்வை ஒருங்கிணைக்கும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் தேவ்நாரில்தான் இருக்கிறது. முதல் சுற்று 1992–93, ஐந்தாவது சுற்று 2019–21. ஐந்தாவதில் 6,36,699 வீடுகளில் பேட்டி கண்டிருக்கிறார்கள், 707 மாவட்டங்களுக்குத் தனித்தனித் தகவல் தாள் உண்டு. எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். எடுத்தவுடன் எண்களைப் பார்க்காமல் அட்டவணையின் அடிக்குறிப்பைப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்கள் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துக் கணக்கிட்டவை. 25 பேருக்கும் குறைவு என்றால் எண்ணையே தராமல் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். சம்படத்தில் சீட்டு எடுத்துப் பார்த்தவருக்கு அந்த நட்சத்திரம் ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

உங்கள் ஆய்வுத் தலைப்பு என்ன என்று எழுதினால், அதற்கு எந்த ஏழு வீட்டில் என்ன கேட்கலாம் என்று சேர்ந்தே யோசிப்போம்.