தனியாக இருக்கும் பெற்றோர் வீட்டில் அலெக்சா, ஸ்மார்ட் சுவிட்ச் எல்லாம் உண்மையிலேயே உதவுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஊரில் அம்மா, அப்பா இருவர் மட்டும். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. நீங்கள் வெளியூரில் வேலை பார்க்கிறீர்கள். குரலுக்குக் கேட்கும் ஸ்பீக்கர், ஸ்மார்ட் லைட், கேமரா எல்லாம் வாங்கி மாட்டலாமா? தினசரி பயன்படுமா? மோட்டாரையும் கீசரையும் அதில் இணைக்கலாமா?

எங்கள் வீட்டிலும் ஏறத்தாழ இதே நிலைமைதான். கும்பகோணத்தில் அம்மாவும் அப்பாவும், நான் பெங்களூரில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு வலது கை பழையபடி திரும்பவில்லை, பேச்சும் கொஞ்சம் குழறும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சில வருடங்களாகவே அந்த வீட்டில் இந்தக் கருவிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதை வைத்துச் சொல்கிறேன்: உதவும், நிறையவே உதவும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த வீட்டில் குடியிருப்பவர்கள் சொல்வதைத்தான் அது கேட்க வேண்டும். வெளியூரில் உட்கார்ந்து நாம் இயக்குவதற்காக மாட்டினால், அவர்களுக்கு அது தொல்லையாகத்தான் முடியும்.

முதலில் ஃபேன். பழைய வீடுகளில் சுவிட்ச்போர்டு கதவோரம் இருக்கும், கட்டில் எதிர்ச் சுவரோரம் கிடக்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர்கிறது என்றால், முட்டிவலிக்காரர் எழுந்து நடந்துபோய் ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டு வர வேண்டும். அம்மா அதற்கு அலுத்துக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு படுத்துவிடுவார். இந்த ஒரு விஷயத்துக்காகவே ரிமோட் உள்ள பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் கொண்டது) மாற்றினோம். வைஃபைகூடத் தேவையில்லை, ரிமோட் தலையணைக்கடியில் இருந்தால் போதும். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், இது 30 வாட் சுற்றி. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிற வீட்டில், நம் இரண்டு மாதக் கணக்குக்கு ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும். நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், எல்லை ஓரத்தில் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். ஸ்மார்ட் கருவி வாங்கினால் கரண்ட் மிச்சம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அந்த மிச்சம் இந்த மோட்டாரிலிருந்து வருவது. வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சும்மா இருக்கும்போதும் ஸ்பீக்கர் இரண்டு வாட் அளவுக்கு இழுத்துக்கொண்டேதான் இருக்கும், அது இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட் ஆகும். பயப்பட வேண்டிய அளவு இல்லை, ஆனால் மிச்சமும் இல்லை.

அடுத்தது குரல். நான் அமேசானின் அலெக்சா ஸ்பீக்கர் வாங்கியபோது இந்தியாவில் அதற்கு ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழில் பேசினால் புரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் பேசிப் பழக்கமில்லை. இருந்தும் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டார், ஏனென்றால் ஹால், லைட், ஃபேன், ஆன், ஆஃப் எல்லாம் அவர் வாயில் ஏற்கெனவே புழங்குபவை. நாம் செய்ய வேண்டியது, ஆப்பில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர் வைக்கும்போது அவர்கள் அழைக்கும் பெயரையே வைப்பது. 'லிவிங் ரூம் லேம்ப் ஒன்று' என்று வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு கருவிகளுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பெயர் இருக்கவும் கூடாது, எதை என்று அது திரும்பக் கேட்கும், அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். பல வேலைகளை ஒரே சொல்லில் கட்டும் வசதியும் உண்டு. எங்கள் வீட்டில் 'குட் நைட்' என்றால் ஹால், சமையலறை, வாசல் விளக்குகள் அணைந்து படுக்கையறையில் சின்ன விளக்கு மட்டும் எரியும். போனில் இருக்கும் கூகுள் அசிஸ்டன்ட் தமிழ் கேட்கும். நாளைக் காலை ஆறு மணிக்கு எழுப்பு, சித்தப்பாவுக்குப் போன் போடு என்பதற்கெல்லாம் அம்மா அதைத்தான் பயன்படுத்துகிறார்.

சரி, அப்பாவுக்கு? இங்கேதான் விளம்பரங்களில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறுபவர்கள், நடுக்குவாதத்தால் குரல் மெலிந்தவர்கள் சொல்வதை இந்தக் கருவிகள் பல நேரம் பிடிப்பதில்லை. கூப்பிட்டால் விழிக்காது, விழித்தாலும் வேறு எதையோ செய்யும். வீட்டு மனிதர்களுக்குப் புரிகிற பேச்சு இயந்திரத்துக்குப் புரியவில்லை என்றால், ஏற்கெனவே நொந்து போனவருக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப் பாருங்கள். நான்காம் முறை கூப்பிட்டும் அது பதில் சொல்லாதபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே அவருக்குக் குரல் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பொத்தான் கிடைக்கிறது, தீப்பெட்டி அளவுதான். கட்டில் சட்டத்தில் இடது கைக்கு எட்டும் இடத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒருமுறை அழுத்தினால் விளக்கு, இருமுறை அழுத்தினால் ஃபேன், அழுத்திப் பிடித்தால் சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கு மணி அடிக்கும். வீட்டிலேயே அதிகம் பயன்படுவது அந்தப் பொத்தான்தான். உங்கள் அப்பா அம்மாவுக்குப் பேச்சு தெளிவாக இருக்கிறதா, காது எப்படி, விரல் எப்படி என்று பார்த்துவிட்டு, அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள். எல்லோருக்கும் குரல்தான் சுலபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுவரில் இருக்கும் சுவிட்சைச் செயலிழக்கச் செய்யாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்மார்ட் பல்ப் மாட்டினால், வேலைக்கு வரும் அக்கா வழக்கம்போல சுவரில் அணைத்துவிட்டுப் போவார். அதன் பிறகு நீங்கள் என்ன கூப்பிட்டாலும் பல்ப் எரியாது, அதற்குக் கரண்டே போகவில்லை. அதற்குப் பதிலாக சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் பொருத்தும் சின்ன ரிலே மாட்யூல் வாங்குங்கள், ரிலே என்பது மின்சாரத்தால் தானே இயங்கும் சுவிட்ச். பழைய சுவிட்சும் வேலை செய்யும், குரலும் வேலை செய்யும், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மாட்யூல்களுக்கு நியூட்ரல் வயர் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும், சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பல வீடுகளில் இருக்காது. ஆர்டர் போடுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் போர்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்னொன்று, இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். புது ரூட்டர் இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் வைத்திருந்து கருவி சேர மறுத்தால், அமைப்பில் போய் இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாட்களையும் யோசிக்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனில் ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கிப் போட்டால் சில மணி நேரம் தாங்கும். கரண்ட் திரும்பி வந்ததும் ஸ்மார்ட் பல்புகள் முழு வெளிச்சத்தில் எரிய ஆரம்பிக்கும் பழக்கம் கொண்டவை, அதுவும் நடு ராத்திரியில். கரண்ட் வந்தால் முன்பிருந்த நிலைக்கே திரும்பு என்ற அமைப்பு பல ஆப்களில் இருக்கிறது, முதல் நாளே அதை மாற்றிவிடுங்கள்.

ராத்திரி பாத்ரூம் போகும் வழிக்கு மோஷன் சென்சார் விளக்கு. பிளக்கில் சொருகினால் போதும், ஆள் நடமாட்டம் கண்டால் எரியும், இன்டர்நெட் தேவையில்லை. வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிவது எவ்வளவு பெரிய துயரம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான்.

மோட்டார் பற்றி: சாதாரண ஸ்மார்ட் பிளக்கில் தண்ணீர் மோட்டாரை இணைக்கவே வேண்டாம். மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், பிளக்கின் உள்ளே இருக்கும் ரிலே அதைத் தாங்காமல் ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஆஃப் சொன்னாலும் மோட்டார் நிற்காது. வாட்டர் லெவல் கன்ட்ரோலர் என்று கேட்டால் எலக்ட்ரிக்கல் கடையில் கொடுப்பார்கள். மேல்தொட்டி குறைந்தால் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும், கீழே தண்ணீர் இல்லாதபோது ஓடாமல் தடுக்கும் வகையும் உண்டு. ஆப், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். அதை ஸ்மார்ட் கருவி என்று யாரும் விற்பதில்லை, ஆனால் எங்கள் வீட்டில் அதைவிடப் புத்திசாலியான கருவி வேறில்லை.

கீசருக்கு ஸ்மார்ட் பிளக் வைக்கலாம், ஆனால் 16 ஆம்பியர் வகை மட்டும். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும், உடனடிச் சூட்டுக்கான 3000 வாட் வகை 13 ஆம்பியர். ஆறு ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சூடாகி உருகிவிடலாம். இருபது நிமிடத்தில் தானே அணையும்படி நேரம் வைத்துவிட்டால், அணைத்தோமா இல்லையா என்று கோயில் பாதி வழியில் அம்மா கவலைப்பட வேண்டியதில்லை.

இப்போது கேமராவும் மைக்கும். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாசலில் கேமரா வையுங்கள், கூரியர்காரர் யார், நன்கொடை கேட்டு வந்தவர் யார் என்று கதவைத் திறக்காமலே பார்க்கலாம். வீட்டுக்குள் வைக்காதீர்கள். அக்கறையால்தான் வைக்கிறோம் என்று நாம் சொல்வோம். நைட்டியோடு உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும் அம்மாவுக்கு, எந்த நேரத்தில் மகன் பார்க்கிறானோ என்ற கூச்சம் இருந்துகொண்டே இருக்கும். அதை அவர் நம்மிடம் சொல்லவும் மாட்டார். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா ஹாலில் கேமரா வந்த பிறகு சமையலறையிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பேத்தி ஊருக்கு வந்து பார்த்த பிறகுதான் யாருக்கும் தெரிந்தது. அலெக்சாவில் 'டிராப் இன்' என்று ஒரு வசதி இருக்கிறது, அந்தப் பக்கம் யாரும் எடுக்காமலே நேரடியாக இணைப்பு திறந்துவிடும். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது வரம். நடமாடும் ஆளுக்கு வேண்டாம். வழக்கமான அழைப்பு வரட்டும், அவர்கள் விரும்பினால் எடுக்கட்டும்.

ஸ்பீக்கர் எப்போதும் ஒட்டுக்கேட்கிறதா என்று அப்பா கேட்டார். தன்னை எழுப்பும் சொல்லைக் கருவிக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும், அதைக் கேட்ட பிறகுதான் பேச்சு இன்டர்நெட் வழியாக நிறுவனத்துக்குப் போகும். தவறாகக் கேட்டும் விழிக்கும், அப்போது பேசியதும் போய்ச் சேரும். அப்படிப் போன பதிவுகளில் சிலவற்றை அமேசான் ஊழியர்கள் கேட்டுக் குறித்து வந்தது 2019-ல் செய்தியாக வெளிவந்தது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது என்ற புகாரில் 2023-ல் அமெரிக்காவில் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதனால் ஆப்பின் தனியுரிமைப் பகுதியில் போய், 3 மாதத்துக்கு மேல் பழைய பதிவுகள் தானே அழியும்படி வையுங்கள். ஸ்பீக்கரின் மேல் மைக்கை அணைக்கும் பொத்தான் இருக்கும், அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். சொத்து விஷயமோ குடும்ப விஷயமோ பேசும்போது அதை அழுத்த அப்பா அம்மா இருவருக்கும் கற்றுக்கொடுங்கள். படுக்கையறையில் ஸ்பீக்கர் வேண்டாம்.

நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். கூகுள் குழுமத்தின் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய, வீட்டுக் கருவிகளை ஒன்றாக இணைக்கும் ரிவால்வ் என்ற கருவி 2016-ல் நிறுத்தப்பட்டபோது, வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டிதான் மிஞ்சியது. 2022-ல் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் ஒரு நாள் திடீரென்று நின்றுபோயின. 2021 டிசம்பரில் அமேசானின் சர்வர்கள் முடங்கிய அன்று பல வீடுகளில் அலெக்சா பதில் சொல்லவில்லை. இன்டர்நெட் இல்லாமலும் வீட்டுக்குள்ளேயே ஓடும் கருவிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். 2022 கடைசியில் வந்த மேட்டர் என்ற பொதுத் தரம் பெட்டியில் அச்சிட்டிருந்தால் வேறு வேறு நிறுவனக் கருவிகள் சேர்ந்து வேலை செய்யும். கொஞ்சம் கணினி தெரியும் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினியில் போட்டு எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கெட்டுப்போனால் சரிசெய்யும் ஆள் நீங்கள் மட்டும்தான், நீங்களோ வெளியூரில். அதனால் பெற்றோர் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அவசரத்துக்கு இதை நம்ப வேண்டாம். ஸ்பீக்கரிடம் சொல்லி 108-ஐ அழைக்க முடியாது. பெரிய எழுத்தில் 108, பக்கத்து வீட்டு எண், குடும்ப டாக்டர் எண் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு சாவியும் இருக்கட்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எதையும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு நாள் கூடவே இருந்து, எந்த இடத்தில் எழக் கஷ்டப்படுகிறார்கள், எதற்கு மற்றவரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், அவர்களிடமே கேளுங்கள். பிறகு ஒன்று மட்டும் மாட்டுங்கள், அது பழகிய பிறகு அடுத்தது. ஆப் அம்மா போனிலும் இருக்கட்டும், கணக்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும், வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.