அந்த டி.சி. கடிதத்தை எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ஆட்டிசம். எல்.கே.ஜி. முதல் இதே மெட்ரிக் பள்ளிதான். புதிய முதல்வர் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ஆசிரியை எல்லோர் முன்பும் அவனை அவமானப்படுத்தினார், ஆண்டு விழாவில் மேடையேற்றவில்லை. இப்போது, சொந்தக் காரணத்துக்காக டி.சி. கேட்பதாக எழுதித் தரச் சொல்கிறார்கள். மனம் வெறுத்து இந்தப் பருவக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். வழக்குப் போட்டு நஷ்ட ஈடு வாங்க முடியுமா?

பதில்: சகோதரி, ஆசிரியை பேசியதையும் ஆண்டு விழாவையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அந்த வலி உண்மை. ஆனால் உங்கள் வழக்கு, போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த டி.சி. கடிதத்தில்தான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. பள்ளிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் நீக்காமல், உங்களையே கேட்க வைக்கிறார்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட நிமிடமே அது நீக்கம் இல்லை, பெற்றோரின் விருப்பம். என்னிடம் வந்த ஒரு தந்தை இப்படித்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். மிரட்டினார்கள் என்றார், உண்மையாகவும் இருக்கலாம். விசாரணையில் பள்ளி அந்த ஒரு தாளை நீட்டியது. மிரட்டலுக்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆகவே இன்றே பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: 'நான் டி.சி. கேட்கவில்லை, என் மகன் இங்கேயே படிப்பான், அவனுக்கு இன்னின்ன உதவி தேவை.' அவ்வளவுதான். கோபம் ஒரு வரிகூட வேண்டாம். ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எதுவும் போடாதீர்கள், நாளை அதைத்தான் படியெடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம், கட்டணம். நல்ல வழக்குகள் பாழாவதை நான் அதிகம் பார்த்தது இங்கேதான். பாக்கி வைத்தால், 'குழந்தையின் நிலைக்காக அல்ல, கட்டணத்துக்காகத்தான் கேட்டோம்' என்று சொல்லப் பள்ளிக்கு நீங்களே வழி செய்து தருகிறீர்கள். நாளைக்கே கட்டி ரசீது வாங்குங்கள்.

உங்கள் பள்ளி சிறுபான்மைப் பள்ளியா என்றும் பாருங்கள். அப்படியானால், 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கல்வி உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அதை மட்டும் நம்பிப் போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவையும் சேர்த்துப் பிடியுங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாம் பாகுபாடின்றிச் சேர்த்து, குழந்தையின் தேவைக்கேற்ற வசதி செய்து தர முயற்சி எடுக்கும் பொறுப்பு அதில் அரசுக்கு இருக்கிறது. அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் போகும் புகாரில் பள்ளியோடு கல்வித் துறையையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். குறைபாடு 40 சதவீதம் என்ற சான்றிதழ் இல்லையே என்று பள்ளி சொன்னால் பயப்படாதீர்கள். அந்த அளவுகோல் 31ஆம் பிரிவின் இலவசக் கல்விக்குத்தான், பாகுபாடு காட்டாமல் இருப்பதற்கு அல்ல.

நஷ்ட ஈட்டை மறந்துவிடுங்கள். 2016 சட்டத்தை முதல் முறை மீறினால் அபராதமே அதிகபட்சம் 10,000 ரூபாய்தான், அதுவும் உங்கள் கைக்கு வராது. ஆணையர் பரிந்துரைத்தாலும் பதில் சொல்ல எதிர்தரப்புக்கு மூன்று மாதம் இருக்கிறது. பையன் எட்டாம் வகுப்பைத் தாண்டினால் நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். இன்று கோர்ட்டுக்கு இழுத்த அதே முதல்வரிடம் அன்று போய் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் என் யோசனை சமரசம்தான். மன்னிப்பையோ ஆசிரியை மீது நடவடிக்கையையோ கேட்காதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் சிறப்பாசிரியர், தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம், சத்தம் தாங்காதபோது எந்த அறைக்குப் போகலாம் என்பதைக் கேளுங்கள். வகுப்பில் அவனுடன் இருக்கும் துணையாளர் செலவில் ஒரு பங்கை ஏற்கவும் தயாராகப் போங்கள். பேசி முடித்த அன்றே பள்ளி முத்திரையோடு எழுத்தில் வாங்கிவிடுங்கள். பழைய முதல்வரின் வாய்வாக்கு அவரோடே போய்விட்டதால்தானே இப்போது எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.